பதினேழாம் ஆணி

செத்துப்போன ஒருவர் தினமும் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு ஊதல் ஊதுகிறார் என்று காசியம்மாள் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். சொர்ணாம்பாள் அம்மா சிரிக்கவில்லை. அதைப் பார்த்ததும் நானும் சிரிப்பை நிறுத்திக்கொண்டேன்.

அம்மா பெண்கள் ஜெயிலில் இருபத்திரண்டு வருஷம் வார்டராக இருந்தவர். ரிட்டயரான பிறகு விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் ஒரு மாடி அறையைப் பிடித்து 'துப்பு விசாரணை' என்று போர்டு மாட்டினார். ஷபியுல்லாவாகிய எனக்கு அங்கே மூன்று வேலைகள். போர்டைத் துடைப்பது, அம்மாவின் பழைய ஹெரால்டு காரைத் தள்ளுவது, பயப்படுவது. மூன்றாவது வேலைக்கும் சேர்த்துத்தான் சம்பளம் என்று அம்மா முதல் நாளே சொல்லிவிட்டார்.

"ஊதறது யாருன்னு தெரியுமா?" என்று அம்மா கேட்டார்.

"கோதண்டபாணின்னு ஒருத்தருங்க. பீங்கான் கம்பெனியில சூளை சூப்பர்வைசரு. காணும் பொங்கலுக்குப் பூங்காவுக்கு வந்தவரு திரும்பிப் போகல. மேக்குக் குழிக் கரையில செருப்பு கெடந்துச்சு. ரெண்டு நாளு பாதாளக் கரண்டி போட்டுத் தேடுனாங்க. ஒடம்பு கெடைக்கல. முழுகிட்டாருன்னு எழுதி முடிச்சிட்டாங்க."

காசியம்மாளின் கணவன் கருப்பன் செம்மேடு காட்டுப் பூங்காவின் வாட்சர். அந்த நாளிலிருந்து மூன்று மாதமாக அவருக்குச் சாயங்காலமானால் காட்டுக்குள்ளிருந்து ஊதல் சத்தம் கேட்கிறது. கேட்டதும் எழுந்து நடக்க ஆரம்பித்துவிடுகிறார்.

"முந்தாநேத்து கணுக்கால் வரைக்கும் நனைஞ்சு வந்தாருங்க," என்றாள் காசியம்மாள். "நேத்து முழங்கால் வரைக்கும். இன்னைக்கு இடுப்பு வரைக்கும் எறங்குவாரு. எனக்கு ஒண்ணே ஒண்ணு போதும். அந்த ஆளு ஒடம்பை எடுத்துக் குடுங்க. நெருப்பு வெச்சிட்டா அவரு ஊதறதை நிறுத்திடுவாரு. எம்புருஷனும் எறங்கறதை நிறுத்திடுவாரு."

புருஷனைக் கண்டுபிடித்துத் தரச் சொல்லி எங்களிடம் வந்தவர்கள் உண்டு. புருஷனைக் காப்பாற்ற ஒரு பிணத்தைக் கண்டுபிடித்துத் தரச் சொல்லி வந்தவள் இவள் ஒருத்திதான். அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். நான் காரைத் தள்ளப் போனேன்.

*

செம்மேடு பூங்காவில் சிங்கம் புலி கிடையாது. மான் இருக்கிறது, மயில் இருக்கிறது, நடந்தால் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் வழி தப்பிப்போகிற காடு இருக்கிறது. காட்டுக்கு நடுவே, ஒரு காலத்தில் பீங்கானுக்கு வெள்ளை மண் தோண்டிவிட்டு அப்படியே விட்டுப்போன இரண்டு பெரிய குழிகள் இருக்கின்றன. ஒன்று மேற்கே, ஒன்று கிழக்கே. இரண்டிலும் தண்ணீர் பால் நிறத்தில் நிற்கும். ஆழம் தெரியாது. அடியில் சேறு காலைப் பிடித்தால் விடாது.

கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பலகை. அதில் அறுபது ஆணிகள். ஒவ்வொரு ஆணியிலும் கயிறு கோத்த ஒரு மண் ஊதல், சுட்டுப் பளபளப்பு ஏற்றியது, மேலே நீல நிறத்தில் நம்பர். உள்ளே போகிற ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு ஊதல் கொடுப்பார்கள். வழி தப்பினாலோ, தேள் கொட்டினாலோ, யாராவது மயங்கி விழுந்தாலோ மூன்று முறை ஊத வேண்டும். கருப்பன் மருந்துப் பெட்டியோடு ஓடுவார். வெளியே போகும்போது ஊதலைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஐந்தரை மணிக்குக் கருப்பன் தன் பித்தளை ஊதலை ஒரு முறை நீளமாக ஊதுவார். பலகையில் அறுபதும் இருந்தால் 'எண்ணிக்கை சரி' என்று உரக்கச் சொல்லிவிட்டுக் கேட்டைப் பூட்டுவார். அடுத்த அறையில் காசியம்மாள் அதைக் கேட்டுத்தான் அடுப்பில் உலை வைப்பாளாம்.

இப்போது பலகையில் ஐம்பத்தொன்பது இருந்தன. பதினேழாம் ஆணி காலி. மூன்று மாதமாக அவர் கேட்டைப் பூட்டவில்லை. பூட்டு நாதாங்கியில் திறந்தபடி தொங்கிக்கொண்டிருந்தது.

கருப்பன் நாற்பது வயது ஆள், காக்கிச் சட்டை தொளதொளவென்று இருந்தது. மூன்று மாதத்துக்கு முன்னால் அது அளவாக இருந்திருக்கும்.

"அன்னைக்கு நடந்ததைச் சொல்லு கருப்பா."

"காணும் பொங்கலும்மா. சரியான கூட்டம். ஊதலு அத்தனையும் போயிடுச்சு. சாயங்காலம் அஞ்சு மணி இருக்கும், ஒரு கும்பலை குளவி கொட்டிடுச்சு. நாலு பேரு. ஒரு பொம்பளைக்கு மொகமெல்லாம் வீங்கி மூச்சு வாங்குது. அவளை மூங்கில் தூளியில போட்டுத் தூக்கிட்டு வந்து கேட்டுல வெக்கிறேன், அப்ப கேக்குது. மூணு தடவை. யாரோ புள்ளைங்க வெளையாடுதுன்னு நெனைச்சேன். அன்னைக்குக் காலையிலேர்ந்து அப்படித்தான் வெளையாடுதுங்க. நாலாவதும் ஊதுச்சு. பாதியில நின்னுடுச்சு."

அந்த 'பாதி'யைச் சொல்லும்போது அவர் தன் பித்தளை ஊதலைக் கைக்குள் மூடிக்கொண்டார்.

"அந்தப் பொம்பளையை வண்டியில ஏத்தி வுட்டுட்டுத்தான் போனேன். கால் மணி நேரம். கால் மணி நேரம் லேட்டும்மா."

"அவ பொழைச்சாளா?"

"பொழைச்சா."

"இன்னும் ஒண்ணு சொல்லாம வெச்சிருக்க," என்றார் அம்மா. ஜெயிலில் இருபத்திரண்டு வருஷம் பொய்யைக் கேட்டுப் பழகியவருக்கு மிச்சம் வைத்த உண்மை வாசனையிலேயே தெரிந்துவிடும்.

கருப்பன் மனைவியைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"பதினேழு ஊமைம்மா. பளபளப்பு ஏத்தறப்ப ஓட்டை அடைச்சிக்கிச்சு. எவ்வளவு ஊதினாலும் சத்தம் வராது. மாத்திக் குடுன்னு பூவாயிகிட்ட கேட்டிருந்தேன். அவதான் எங்களுக்கு ஊதலு செஞ்சு தரா. பொங்கலுக்குள்ள புது பதினேழு குடுத்துடறேன்னா. வரல. பெண்ணாடத்துப் பக்கம் கரும்பு வெட்டப் போயிட்டாளாம். கூட்டத்துல வேற ஊதலு இல்ல. வெவரமானவரு மாதிரி தெரிஞ்சாரு, ஒத்தை ஆளு, வழி தப்பமாட்டாருன்னு அந்த ஊமையை அவரு கையில குடுத்துட்டேன். இதை எந்த ஆபீசர்கிட்டயும் சொல்லல."

நான் நாக்கைக் கட்டுப்படுத்த முடியாமல், "ஊமை ஊதல் எப்படிண்ணே மூணு தடவை ஊதுச்சு?" என்றேன்.

"அதான் பாயி. உசுரோட இருந்தப்ப அதுல ஊத முடியல அந்த மனுசனால. செத்தப்பறம் ஊதறாரு. அன்னைக்கு நான் கேட்டது அவரு செத்ததுக்கு அப்பறம் ஊதுனது. இப்ப வரைக்கும் ஊதறாரு."

அதற்கு மேல் எனக்கு எந்தக் கேள்வியும் இல்லை. வீட்டுக்குப் போகலாமா என்பது மட்டும்தான் பாக்கி.

ஐந்தரை மணி ஆனது. கருப்பன் பித்தளை ஊதலை எடுத்து ஒரு முறை நீளமாக ஊதினார். மயில் ஒன்று எங்கோ அகவிவிட்டு அடங்கியது. காற்று துளிக்கூட இல்லை. நாங்கள் நான்கு பேரும் நின்றோம்.

எனக்குக் கேட்டது. மெல்லியதாக, தூரத்திலிருந்து, மூன்று முறை. பிறகு ஒரு அரை.

கருப்பன் நடக்க ஆரம்பித்தார். காசியம்மாள் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவரோ அவளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனார். நானும் ஒரு பக்கம் பிடித்த பிறகுதான் நின்றார்.

"உனக்கு என்னா கேட்டுச்சு ஷபி?" என்று அம்மா கேட்டார்.

"வயித்துல காத்தும்மா."

"எனக்கு ஒண்ணும் கேக்கல. ஆனா ஒண்ணு பார்த்தேன். கருப்பா, செருப்பு எங்க கெடந்துச்சு?"

"மேக்குக் குழியிலம்மா."

"நீ இப்ப எந்தாண்ட நடந்த?"

கருப்பன் திரும்பிப் பார்த்தார். தன் காலையே யாரோ மாற்றி வைத்துவிட்டது போலப் பார்த்தார்.

"கெழக்கால," என்றார். "சத்தம் எப்பவுமே கெழக்காலதாம்மா. அன்னைக்கும் அப்படித்தான். ஆனா செருப்பு மேக்கால கெடந்துச்சு. காத்துல தெசை மாறும், உனக்குக் காது சரியில்லன்னாங்க. நானும் அப்படித்தான்னு வுட்டுட்டேன்."

"மூணு மாசமா எல்லாரும் செருப்பை நம்பியிருக்காங்க," என்றார் அம்மா. "நாம இவரு காதை நம்பிப் பார்ப்போம்."

*

மறுநாள் காலை கோதண்டபாணியின் மனைவி பெரியநாயகியைப் பார்க்கப் போனோம். கம்பெனி குவார்ட்டர்ஸில் கடைசி வீடு. முப்பது வயதிருக்கும். உடம்பு கிடைக்காமல் தாலியை இறக்க மாட்டேன் என்று உறவுக்காரர்களோடு சண்டை போட்டவள் என்று வழியிலேயே கேள்விப்பட்டிருந்தேன். அதைக் கேட்டு எனக்கு மனசு கஷ்டமாகத்தான் இருந்தது.

கோதண்டபாணியைப் பற்றி ஊருக்கே தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. மார்கழியில் ஆர்டர் அவசரம் என்று சூளை ஆறுவதற்குள் கதவை உடைக்கச் சொன்னவர் அவர். வளைவு இடிந்து ஒரு கூலியாள் செத்தான். பொங்கல் முடிந்ததும் விசாரணை என்று இருந்தது. பொங்கலோடு அவரே போய்விட்டதால் கேஸ் கட்டை மூடிவிட்டார்கள்.

"சாமி மேல பாரத்தைப் போட்டுட்டேங்க," என்றாள் பெரியநாயகி. "கொளஞ்சியப்பர்கிட்ட பிராது கட்டியிருக்கேன். அவரைக் கண்ணுல காட்டுன்னு."

"எப்ப கட்டுன?"

"தை ஆறாந்தேதிங்க."

"சாமி காட்டுச்சா?"

"இன்னும் இல்லைங்க," என்றாள். சொல்லும்போது தாலிக்கயிறைத் தொட்டாள். தொட்ட கையைச் சுட்டுக்கொண்டதுபோல எடுத்துவிட்டாள்.

வெளியே வந்ததும், "மணவாளநல்லூருக்கு வண்டியை விடலாம்," என்றார் அம்மா.

"வேண்டுதலா?"

"விசாரணை."

கொளஞ்சியப்பர் கோயில் வழக்கம் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். பொருள் களவு போனாலும் ஆள் காணாமல் போனாலும் போலீஸுக்கு எழுதுவதுபோல சாமிக்கு ஒரு பிராது எழுதி முனியப்பர் சன்னிதியில் கட்டிவிடுவார்கள். சாமி விசாரிப்பார். காரியம் முடிந்துவிட்டால், பிராது கொடுத்தவர் திரும்பி வந்து ராஜினாமா எழுதிக் கொடுக்க வேண்டும். 'என் குறை தீர்ந்தது, பிராதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்' என்று. அதை எழுதாவிட்டால் வழக்கு நம் மேலேயே திரும்பும் என்பது பயம். எங்கள் தெருவில் பால் கறக்கிற கமலம் காணாமல் போன மாட்டுக்காகப் பிராது கட்டினாள். மாடு கிடைத்தபோது அவளுக்கு நூற்று மூன்று டிகிரி ஜுரம். போர்வையைப் போர்த்திக்கொண்டு போய் ராஜினாமா எழுதிவிட்டு வந்துதான் மருந்து குடித்தாள்.

எழுத்தர் உட்கார்ந்திருந்த மண்டபத்தில் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுப் பணிவாகப் போய் நின்றார். அம்மாவை அவ்வளவு பணிவாக நான் பார்த்ததில்லை. யாருக்கோ ஆபத்து என்று அப்போதே தெரிந்துவிட்டது.

"ஐயா, சொந்தக்காரப் பொண்ணு பெரியநாயகி. பீங்கான் கம்பெனி குவார்ட்டர்ஸு. தை ஆறாந்தேதி பிராது கட்டியிருக்குது. அதுக்கு ஒடம்பு முடியல. அதுக்குப் பதிலா ராஜினாமா எழுதிக் குடுக்கலாமான்னு வந்தேன்."

எழுத்தர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஏதோ புரட்டினார். நிமிர்ந்து பார்த்தார்.

"என்னம்மா இது. அந்தப் பொண்ணே வந்து தை பதினாலாந்தேதி எழுதிக் குடுத்துட்டுப் போயிடுச்சே. ஒரு பிராதுக்கு ரெண்டு ராஜினாமாவா?"

"தெரியாமப் போச்சுங்க," என்றார் அம்மா. "கெழவிங்கதானே, ஒண்ணு கெடக்க ஒண்ணு செய்யறோம்."

காருக்கு வரும்வரை நான் பேசவில்லை. வந்ததும் பேசாமல் இருக்க முடியவில்லை.

"அவரைக் கண்ணுல காட்டுன்னு கேட்டுச்சு. எட்டே நாள்ல குறை தீர்ந்துச்சுன்னு எழுதியிருக்குது. அப்ப..."

"ஊரை ஏமாத்தலாம், போலீஸை ஏமாத்தலாம்," என்றார் அம்மா. "அந்தப் பொண்ணுக்குச் சாமியை ஏமாத்த மனசு வரல. வண்டியைத் தள்ளு."

*

பெரியநாயகி மறுக்கவில்லை. அம்மா "பதினாலாந்தேதி" என்று ஒரு வார்த்தைதான் சொன்னார். அவள் அடுப்பங்கரைக்குள் போய் அரிசிப் பானைக்குள் கையை விட்டு எதையோ எடுத்துக்கொண்டு வந்தாள். மண் ஊதல். நீல நிறத்தில் பதினேழு.

"உசுரோட இருக்காருங்க. தஞ்சாவூருக்கு அந்தாண்ட ஒரு ஓட்டுச் சூளையில வேற பேருல இருக்காரு. ஒரு வாரம் கழிச்சு கருக்கல்ல வந்தாரு. விசாரணைக்குப் பயந்து இப்படிச் செஞ்சேன், செத்தவனாவே இருந்துக்கறேன், ஆறு மாசத்துல உன்னைக் கூட்டிக்கறேன்னாரு. நான் என்னாங்க செய்வேன். போனதுன்னு நெனைச்ச உசுரு திரும்பி வந்து நிக்குது."

நான் ஊதலை வாங்கி வாயில் வைத்து ஊதினேன். காற்று மூக்கு வழியாக வந்ததே தவிரச் சத்தம் வரவில்லை. கருப்பன் சொன்னது உண்மை. ஊமைதான்.

"வந்த அன்னைக்கு எப்படி இருந்தாரு?" என்று அம்மா கேட்டார்.

அவள் அடுப்பங்கரைப் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்.

"பக்கத்து வூட்டுல பொங்கல் கடையில வாங்குன பீப்பியை ஊதுனாங்க. இவரு கட்டிலுக்கடியில போய்ப் படுத்துக்கிட்டாரு. காதை ரெண்டு கையாலயும் பொத்திக்கிட்டு, 'நிறுத்தச் சொல்லு, அவளை நிறுத்தச் சொல்லு'ன்னாரு."

"அவளையா?"

"ஆமாங்க. எவளைன்னு நான் கேக்கல." பெரியநாயகி சுவரைப் பிடித்துக்கொண்டாள். "கேட்டிருக்கணும் இல்லீங்களா?"

அம்மா அவள் தோளில் கை வைத்தார். தஞ்சாவூர் விலாசத்தை எழுதி வாங்கிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனில் சேர்த்துவிட்டுத்தான் பூங்காவுக்குத் திரும்பினோம். வழியில் ஒரு இடத்தில் மட்டும் காரை நிறுத்தச் சொன்னார். காட்டுக்குப் பின்பக்கம், வேலிக்கு வெளியே, பத்துப் பன்னிரண்டு குடிசைகள். ஊதல் செய்கிற பூவாயியின் குடிசையில் பூட்டுத் தொங்கியது.

"ஒண்டிக்கட்டைங்க. வருஷா வருஷம் தையில கரும்புக்குப் போயிடும்," என்றாள் பக்கத்துக் குடிசைக்காரி. "இந்தத் தடவை சொல்லிக்காமலே போயிடுச்சு."

அம்மா கதவு இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்கச் சொன்னார். அரையிருட்டில் மண் தட்டுகள், நீல மை, ஒரு தூரிகை. எதிர்ச் சுவரில் ஆணியில் ஒரு அரிவாள், பிடியில் துணி சுற்றியது.

"என்னா தெரியுது?"

"அருவா."

"கரும்பு வெட்டப் போனவ அருவாளை வுட்டுட்டுப் போவாளா ஷபி?"

எனக்கு ஒரு நகைச்சுவையும் தோன்றவில்லை. அன்றைக்கு அதற்குப் பிறகும் தோன்றவில்லை.

*

கருப்பனிடம் நல்ல செய்தியை நான்தான் முந்திக்கொண்டு சொன்னேன். "அண்ணே, அந்த ஆளு சாவல. தஞ்சாவூர்ல சோறு தின்னுக்கிட்டு இருக்கான். நீங்க யாரையும் சாக வுடல."

காசியம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். கருப்பன் அழவில்லை, சிரிக்கவுமில்லை. காலி ஆணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப ஊதுனது யாரு?" என்றார்.

இந்த ஒரு கேள்வியை மூன்று மாதமாக யாரும் கேட்கவில்லை. காணாமல் போன கணக்கு ஒன்று, கிடைத்த செருப்பு ஒரு ஜோடி, அதோடு எல்லோருக்கும் திருப்தியாகிவிட்டது.

"பூவாயி ஊதலுக்கு மண்ணு எங்க எடுப்பா?" என்று அம்மா மெதுவாகக் கேட்டார்.

"கெழக்குக் குழிக் கரையிலம்மா. அந்த மண்ணுதான் வெடிக்காதும்பா. பின்பக்க வேலி வழியா கூடையோட வந்து எடுத்துக்கிட்டு, அப்படியே..." கருப்பன் கிழக்கே பார்த்தார். "அப்படியே கேட்டுக்கு வந்து செஞ்சதைக் குடுத்துட்டுப் போவா. அவளுக்கு டிக்கெட்டு கெடையாது. ஊதலு கெடையாது. நான் அவளை எண்ணவே மாட்டேன்."

அவர் பலகையைப் பிடித்துக்கொண்டார். ஊதல்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன.

"வரலன்னு அவ மேல கோவப்பட்டேம்மா. ஏமாத்திட்டான்னு திட்டுனேன்."

மறுநாள் காலையில் இன்ஸ்பெக்டரும் தீயணைப்புக்காரர்கள் ஆறு பேரும் கிழக்குக் குழிக்கு வந்தார்கள். பங்குனி வெயிலிலேயே தண்ணீர் நிறைய வற்றியிருந்தது. கரையில் வெள்ளைச் சேறு வெடித்துக் கிடந்தது. யார் இறங்குவது என்று அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே கருப்பன் சட்டையைக் கழற்றிவிட்டார்.

காசியம்மாள் தடுப்பாள் என்று நினைத்தேன். அவள் கயிற்றின் ஒரு முனையை அவர் இடுப்பில் கட்டி, மறுமுனையைத் தன் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டாள்.

"எறங்குங்க," என்றாள். "நான் புடிச்சிருக்கேன்."

கணுக்கால், முழங்கால், இடுப்பு. அந்தப் பாலுக்குள் அவர் பாதி ஆளாகத் தெரிந்தார். ஒரு மணி நேரம் தடவினார். முதலில் ஒரு கூடை வந்தது. பிறகு கருப்பன் நின்றுவிட்டார். குனிந்து, ரொம்ப மெதுவாக, தூங்குகிற ஒருத்தரைத் தூக்குகிற மாதிரி இரண்டு கைகளையும் அடியில் கொடுத்தார்.

வெள்ளை மண் அவளை மூடி வைத்திருந்தது. கிட்டத்தட்ட ஒரு மண் பொம்மையாகத்தான் வந்தாள். வலது கை மட்டும் இறுக மூடியிருந்தது. இன்ஸ்பெக்டர் விரல்களைப் பிரித்தார். உள்ளே ஒரு புது ஊதல். நீல நிறத்தில் பதினேழு.

"கோதண்டபாணி மேக்குக் குழியில செருப்பை வெச்சிட்டு வெறுங்காலோட பின்பக்க வேலிக்கு வந்திருக்கான்," என்றார் அம்மா. "இங்க இவ மண்ணு எடுத்துக்கிட்டு இருந்திருக்கா. கம்பெனிக்காரன், அவளுக்கு மூஞ்சி தெரியும். சிரிச்சிருப்பா, பொங்கலு எப்படிங்கன்னு கேட்டிருப்பா. மறுநாளு இவன் செத்துட்டான்னு ஊரே சொல்லும்போது, நான் பார்த்தேனேன்னு சொல்ல ஒரே ஒரு ஆளு இருப்பா. அதுக்கு ஒரு தள்ளு போதும். சேறு மிச்சத்தைப் பார்த்துக்கிச்சு. கையில இருந்தது ஊதலு. கருப்பனுக்குன்னு செஞ்ச ஊதலு. அவ கருப்பனைத்தான் கூப்பிட்டிருக்கா."

இதைக் கருப்பன் காதில் விழும்படி சொல்லியிருக்க வேண்டாம் என்று எனக்குக் கோபம் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன். அவர் மூன்று மாதமாகத் தெரிந்து வைத்திருந்ததைத்தான் அம்மா சொன்னார்.

திரும்பும் வழியில் நான் துணிச்சலை வரவழைத்துக்கொண்டு கேட்டேன். "தினம் சாயங்காலம் கேட்டது? கரையில வெடிப்புல காத்து பூந்து ஊதியிருக்குமோ?"

"இருக்கும்."

"ஆனா வெடிப்பு பங்குனியிலதானே வந்துச்சு. அவருக்குத் தையிலேர்ந்து கேக்குது. முந்தாநேத்து எனக்கும் கேட்டுச்சும்மா. காத்தே இல்ல."

"அந்த ஊதலை நீ பார்த்தியா?" என்றார் அம்மா. "உள்ள பூரா மண்ணு அடைச்சிருந்துச்சு. கல்லு மாதிரி."

சொல்லிவிட்டு அம்மா காரின் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். சித்திரை வெயிலில் அம்மா கண்ணாடியை ஏற்றி அன்றுதான் பார்த்தேன்.

கோதண்டபாணியை மறுநாள் தஞ்சாவூரில் பிடித்தார்கள். ஓடவில்லையாம். ஜீப்பில் ஏறும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டானாம். "எடுத்துட்டீங்களா? அப்ப இனிமே ஊத மாட்டாதானே?"

பூவாயியைச் சுடுகாட்டில் சேர்த்துவிட்டு எல்லோரும் பூங்காவுக்கு வந்தபோது மணி ஐந்தரை ஆகப்போகிற நேரம். கருப்பன் தலை முழுகிய ஈர வேட்டியோடு கேட் அறைக்குள் போய் விசிட்டர் நோட்டை எடுத்தார். தை மூன்றாம் தேதிப் பக்கத்தைத் திருப்பினார். கோதண்டபாணியின் பேருக்குக் கீழே மை தொட்டு நிதானமாக எழுதினார். 'பூவாயி. ஊதல் பதினேழு.' உள்ளே வந்த நேரத்துக்கு மாலை ஐந்து என்று போட்டார். வெளியே போன நேரம் என்கிற கட்டத்தில் அன்றைய தேதியை எழுதினார்.

பிறகு வெளியே வந்து பித்தளை ஊதலை ஒரு முறை நீளமாக ஊதினார். நாங்கள் நின்றோம். காசியம்மாள் மூச்சுவிடவே இல்லை. மயில் அகவியது. வேறு எதுவும் கேட்கவில்லை. வெகுநேரம் நின்றும் கேட்கவில்லை.

"எண்ணிக்கை சரி," என்றார் கருப்பன், காலி ஆணியைப் பார்த்துக்கொண்டே. கேட்டைச் சாத்திப் பூட்டினார். காசியம்மாள் உலை வைக்க உள்ளே போனாள்.